கோரைக்கு மூன்று பட்டை வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்தது. விலங்குகள் பேசின என்று சொல்லிவிட்டுச் செடிகளை மறந்துவிடும் கதைக்காரர்கள் உண்டு. அது அரைகுறையாகக் காதில் விழுந்த கதை. விலங்குகள் அவசரக்காரர்கள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடும். நின்ற இடத்தில் நின்று பொழுதெல்லாம் பேசியவை செடிகள்தான். அவற்றில் வாய் ஓயாமல் பேசியது வாழை. பேசவே தெரியாமல் பேசியது கோரை.

அன்றைய கோரை இன்று நாம் பார்க்கும் கோரை அல்ல. அதன் தண்டு மற்றப் புற்களைப் போல உருண்டையாக இருந்தது. மற்றப் புற்களைப் போலவே தண்டில் கணுக்களும் இருந்தன. புல் குலத்தில் கணுவுக்குப் பெரிய மரியாதை. மூங்கில் தன் கணுக்களை ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றது. நாணல் தன்னுடையதைக் குளத்துத் தண்ணீரில் பார்த்துப் பார்த்து ரசித்தது. தரையோடு தரையாகக் கிடந்த அருகம்புல்கூட, யாராவது தடுக்கி விழுந்தால், கணுவில் பட்டுவிட்டதா என்று கவலையாக விசாரித்தது; விழுந்தவரைப் பற்றி அல்ல.

அந்தக் கூட்டத்தோடு குளத்தங்கரையில் ஒரு மூலையில் கோரையும் இருந்தது. சுகமாக இல்லை. எருமைகள் மிதித்தன. உச்சி வெயில் நுனியைக் கருக்கியது. கோடையில் குளம் உள்வாங்கினால் காய்ந்தது. மழையில் நிரம்பினால் மூழ்கியது. ஈரம் வேண்டும், வெள்ளம் வேண்டாம். வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். அப்படி ஓர் இடம் உலகத்தில் எங்காவது இருக்குமா என்று அது நாணலைக் கேட்டது. மகாராணிக்கு அந்தப்புரம் வேண்டுமாம் என்று நாணல் பக்கத்து நாணலிடம் சொல்லிச் சிரித்தது. அன்று கரை முழுவதும் அந்தச் சிரிப்பு ஓடியது.

இது இப்படி இருக்க, ஊருக்குள் ஒரு பெரிய வீட்டில் காராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் செங்கோடன் அந்த வீட்டின் இளைய மகன். மூத்த மகனின் மனைவி பூவாத்தாள்தான் வீட்டை நடத்தினாள். பூவாத்தாள் கெட்டவள் அல்ல. சமையலில் அவள் கைக்கு ஈடு அந்த ஊரில் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு ஒன்று, அடுப்புக்கு அதிகாரி ஒருத்தி. காராயிக்குப் பசித்தால் போதாது. பூவாத்தாளுக்கும் பசிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து முழுகுவது எந்தக் கிழமை, புடவையை எந்தக் கயிற்றில் காயப்போடுவது என்பதெல்லாம் அடுப்படியில் முடிவாகி வெளியே வரும். ஒரு தடவை, ரசத்தில் உப்புக் கொஞ்சம் குறைவோ என்று காராயி மெல்லக் கேட்டாள்.

"உப்பு அளவாத்தான் இருக்குது. உன்ற நாக்குதான் நீளமா இருக்குது" என்று பதில் வந்தது.

அன்று காராயி கணவனிடம் சொல்லிவிட்டாள். தனியாக ஓர் அடுப்பு வேண்டும். அது குடிசைக்குள் இருந்தாலும் சரி, மரத்தடியில் இருந்தாலும் சரி. செங்கோடன் நல்லவன், ஆனால் எதையும் மென்று விழுங்குகிறவன். அண்ணனிடம் இந்தப் பேச்சை எடுக்க அவனுக்கு ஒரு வெள்ளாமைக் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

தனிக்குடித்தனம் போகிறவர்களை அந்த ஊர் தடுப்பதில்லை. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தது, அவ்வளவுதான். புது வீடு முதல் அடைமழையைத் தாங்க வேண்டும். சுவர் நின்றால் அது வீடு. உள்ளே இருப்பவர்கள் குடித்தனக்காரர்கள். சுவர் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பெரிய வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு தனி அடுப்பு என்ற பேச்சை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது. அண்ணன் அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது குளத்தைப் பார்த்துச் சரிந்த தாழ்வான நிலம். அதைத் தேர்ந்தெடுத்தது பூவாத்தாள்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டபோது அவள் சிரித்தாள் என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

கோடையில் குளத்து மண்ணை வெட்டிக் குழைத்து, ஒரு முழம் சுவர் வைத்துக் காயவிட்டு, அதன் மேல் அடுத்த முழம் வைத்து, இருவருமாக வீட்டை எழுப்பினார்கள். மேலே பனையோலை வேய்ந்தார்கள். ஆவணியில் குடிபுகுந்தார்கள். காராயி தன் அடுப்பில் முதன்முதலாக ரசம் வைத்தாள். உப்பு கரித்தது. அவள் அதை முகம் சுளிக்காமல் குடித்தாள், செங்கோடனையும் குடிக்க வைத்தாள்.

வீடு கிழக்குப் பார்த்தது. பின்பக்கம் மேற்கே சரிந்து குளத்தில் போய் முடிந்தது. பின்சுவரை ஒட்டியது புழக்கடை: குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் விளக்குவதும் அங்கேதான். அந்தத் தண்ணீர் சுவரடியில் ஊறித்தான் குளத்துப் பக்கம் இறங்கும். காலையில் அந்த இடத்தில் வீட்டின் நிழல் விழும். மாலையில் ஒரு புங்கமரத்தின் நிழல் விழும். நடுப்பகலில் கொஞ்சம் வெயில் வரும், அதுவும் புங்க இலைகளின் இடுக்கில் மாவு சலித்ததுபோல் வரும். ஈரம் உண்டு, வெள்ளம் இல்லை. வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. குளத்தங்கரையிலிருந்து எட்டிப் பார்த்த கோரைக்கு மூச்சே நின்றுவிட்டது.

இடம் கேட்பதற்கும் அந்தக் காலத்தில் ஒரு முறை இருந்தது. புதிதாகக் குடிவந்தவள் ஒரு நல்ல காலையில் பின்வாசற்படியில் உட்கார வேண்டும். செடிகள் ஒவ்வொன்றாக வந்து, தான் என்னென்ன தரும் என்று சொல்லிக் கொல்லையில் இடம் கேட்க வேண்டும். அவள் கேட்டுவிட்டு இடம் ஒதுக்குவாள். செடிகள் நடந்தா வந்தன என்று சந்தேகப்படுகிறவர்கள், அவை பேசியதைச் சற்று முன்புதான் ஒப்புக்கொண்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முறையில் இருந்த கோளாறு வேறு. நன்றாகப் பேசியவருக்கு நல்ல இடம் கிடைத்தது. இந்தக் கோளாறு கொல்லையோடு ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் வந்தது வாழை. இலை தருவேன், பூ தருவேன், காய் தருவேன், பழம் தருவேன், தண்டு தருவேன், நார் தருவேன், விசேஷ நாளில் வாசலில் வந்து நிற்கவும் செய்வேன் என்று மூச்சு விடாமல் சொன்னது. புழக்கடைத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்துவிடுவதாகவும், ஒரு சொட்டு வெளியே போகாது என்றும் வாக்குக் கொடுத்தது. காராயி மயங்கிப்போய்ப் பின்சுவரடியை வாழைக்குக் கொடுத்துவிட்டாள். அவரை பந்தலைக் கேட்டு வாங்கியது. முருங்கை வேலியோரம் போனது. துளசி எதையும் கேட்கவில்லை. முன்வாசலில் போய் நின்றுகொண்டது.

கடைசியாகக் கோரை வந்தது.

"நீ என்ன தருவே?" என்றாள் காராயி.

கோரை யோசித்தது. "பூ இல்லீங்க தாயி. ஒண்ணு வரும், ஆனா அதப் பூவுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. காய் இல்லீங்க. எனக்குப் பிடிச்சுக்கத் தெரியும்."

"எதப் பிடிச்சுக்குவே?"

"மண்ணைங்க."

அவரை சிரித்தது. முருங்கை சிரித்ததில் நாலு இலை உதிர்ந்தது. மண் எங்கே ஓடிப்போகிறது, நீ பிடித்துக்கொள்வதற்கு என்று வாழை கேட்டது. காராயியும் சிரித்துவிட்டாள். அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொல்லை என்றால் கூட்டி, சாணி மெழுகி, துடைத்த தட்டம்போல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து எண்ணம். ஒரு வீட்டின் பின்னால் புல் முளைத்திருந்தால் அந்த வீட்டுக்காரிக்குக் கை கால் விளங்கவில்லை என்று ஊர் முடிவு செய்துவிடும். அவள் கோரையைக் குளத்துக்கே திரும்பிப் போகச் சொன்னாள்.

கோரை போகவில்லை.

வாழை பேசிய பேச்சுக்கு அந்த நிழலில் நாலு நாள்கூட நிற்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றது. முதுகுக்கு வெயில் வேண்டும் என்றது. கன்று விட்டு, கன்று விட்டு, நைசாக நகர்ந்து தெற்கு வேலியோரம் வெயிலில் போய் நின்றுகொண்டது. (வாழை இன்றும் இப்படித்தான் இடம் மாறுகிறது. யாரும் கவனிப்பதில்லை.) சுவரடி காலியானது. அந்த இடத்தில் கோரை, யாரிடமும் கேட்காமல், ஒரு தாள் விட்டது. பிறகு தாள்கள் கூடி ஒரு குத்தாயிற்று. பிறகு பின்சுவர் நெடுகவும் பச்சைக் கரை போட்டதுபோல் ஆயிற்று.

காராயி தினமும் காலையில் வந்து பிடுங்கினாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் தண்டின் அடியில் பிடித்து ஓர் இழுப்பு. அந்தக் காலத்தில் கோரை இழுத்தால் வந்துவிடும், வேரும் மண்ணும் சேர்ந்து. மறுநாள் வேறு இடத்தில் முளைக்கும். இழுக்கும்போதெல்லாம் இரண்டும் பேசிக்கொண்டன. உனக்கு வெட்கமே இல்லையா என்று அவள் கேட்பாள். இந்த நிழல் ரொம்ப நன்றாக இருக்கிறது தாயி என்று அது பதில் சொல்லும். கொஞ்ச நாளில் அது சண்டையா சம்பாஷணையா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. பிடுங்குகிற வேகமும் குறைந்தது.

அப்போதுதான் பூவாத்தாள் ஒரு கிண்ணத்தில் புளிக்குழம்போடு வந்து சேர்ந்தாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவரை ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

"ஏங் காராயி, சொவத்தடியில என்னமோ பயிரு வெச்சிருக்கறே போல இருக்குது. மழைக்கு முன்னால அறுத்துருவியா?"

"அது தானா மொளச்சதுங்க அக்கா. பிடுங்கிட்டுத்தான் இருக்கறேன்."

"பிடுங்கு, பிடுங்கு. நம்ம வீட்டுல மேல்பக்கத்து அறையக் கூட்டித் தெளிச்சு வெச்சிருக்கறேன்" என்றாள் பூவாத்தாள், மிகவும் அன்பாக. "எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

அந்தக் கூட்டித் தெளித்த அறை காராயியின் நெஞ்சில் போய்க் குத்தியது. பூவாத்தாள் தெருத் திரும்புவதற்குள் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். தெற்கு முனையில் ஆரம்பித்து, குத்துக் குத்தாகப் பிடுங்கி எறிந்தாள். கோரை இந்தத் தடவை நிழலைப் பற்றிப் பேசவில்லை. இழுக்காதீங்க தாயி, மண்ணும் கூடவே வருது என்றது. வரட்டும் என்றாள். பாதிச் சுவர்வரை வெறும் மண்ணாக்கி, பிடுங்கிய இடத்தை மெழுகி, முதுகை நிமிர்த்தியபோது வானம் மேற்கே கறுத்திருந்தது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

ஐப்பசி மழைக்கு நாளைக்கு என்ற சொல் தெரியாது. விடியும்போதே பிடித்துக்கொண்டது. ஓலைக்கூரையின் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் திரை மாதிரி இறங்கியது. முன்பக்கம் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் செங்கோடன் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஆபத்து முன்பக்கம் இருந்து வரும் என்று அவன் நம்பினான். காராயி பாத்திரம் எடுக்கப் பின்பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் சுத்தம் செய்த பாதியில் மண் இல்லை. மெழுகிய தரை அப்பளம்போல் உடைந்து போயிருந்தது. அதன் அடியிலிருந்த மண் கரைந்து, செந்நிறமாகக் குளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஈறு விலகிய பல்லைப்போல் சுவரின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது. மறுபாதியில், கோரை நின்ற இடத்தில், மண் அப்படியே இருந்தது. ஆனால் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் கடைசிக் குத்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது சாய்ந்து, பெயர்ந்து, தண்ணீரோடு போக, அடுத்தது ஆட ஆரம்பித்தது.

அவள் போட்ட சத்தத்தில் செங்கோடன் ஓடி வந்தான். இருவரும் சேர்ந்து கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். கல் உருண்டு குளத்துக்குப் போனது. கூடையில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டிய மண்ணும் போனது. செங்கோடன் சுவரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு, சாமான்களை எடுத்து வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டான். எங்கே எடுத்து வைப்பது என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பெரிய வீட்டில் மேல்பக்கத்து அறை தயாராக இருந்தது.

காராயி சேற்றில் மண்டியிட்டாள். ஆடிக்கொண்டிருந்த கடைசிக் குத்தின் அடியில் கையை விட்டு, பழகிய மூன்று விரல்களால் ஒரு தண்டைப் பிடித்தாள்.

"இழுக்க வந்தீங்களா தாயி?" என்றது கோரை.

"இல்ல. நீ மண்ணப் பிடிச்சுக்க. நான் உன்னப் பிடிச்சுக்கறேன்."

"பிடிச்சுக்கறதுன்னா மெல்ல மெல்லத்தாங்க வேர் விடணும். இந்த மழைக்கு அது பத்தாது. கீழ இறுக்கிக் கட்டறதுக்கு எங்கிட்ட முடிச்சு ஒண்ணும் இல்லீங்க."

காராயி தண்டைப் பார்த்தாள். "இதென்ன, மேல வரிசையா முடிச்சு முடிச்சா?"

"அது கணுங்க."

"அது எதுக்கு?"

கோரை கொஞ்சம் தயங்கியது. "நிமிந்து நிக்கறதுக்குங்க. அப்பறம், குலப்பெருமைக்கு."

"அதக் கீழ எறக்கு" என்றாள் காராயி.

கோரையின் பரம்பரையில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. கணுவை இறக்கிவிட்டால் அது புல் இல்லை. மூங்கில் முகத்தில் விழிக்க முடியாது. நாணல் சிரித்தே கொன்றுவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், கணு இல்லாத தண்டு நிற்காது, துவண்டுவிடும். கோரை இதையெல்லாம் சொன்னது. நிற்பதைப் பற்றி நீ கவலைப்படாதே, அதற்குத்தான் நான் பிடித்திருக்கிறேன் என்றாள் அவள். இன்னொரு குத்து சாய்வதற்குள் முடிவு சொல் என்றும் சொன்னாள்.

கோரை தன் கணுக்களைக் கீழே இறக்கியது.

ஒவ்வொன்றாகத் தண்டு வழியே இறங்கி மண்ணுக்குள் போயின. போன இடத்தில் கறுத்து, உருண்டு, முடிச்சாயின. ஒரு முடிச்சிலிருந்து கம்பிபோல் ஒரு வேர் ஓடி, அடுத்த முடிச்சைப் போட்டது. அங்கிருந்து இன்னொன்று. உளுந்து வடையை நூலில் கோத்த மாதிரி என்று செங்கோடன் பிற்பாடு ஊரில் வர்ணித்தான். வீட்டில் அன்று சமைக்கவில்லை என்பதால் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். சுவரடியில் மிச்சம் நின்ற எல்லாக் குத்துகளும் இதைப் பார்த்துத் தம் கணுக்களை இறக்கின. முடிச்சுகள் சுவருக்கு அடியில் புகுந்து, காராயி வெறுமையாக்கிய பாதிக்கும் போய், மிச்சமிருந்த மண்ணைக் கட்டின.

மேலே தண்டு வழவழவென்று, முடிச்சு ஏதும் இல்லாமல், துவள ஆரம்பித்தது. காராயி விடவில்லை. மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று விரலால் அழுத்திப் பிடித்தாள். செங்கோடன் கம்பளியை மடித்துக் கொங்காடையாக அவள் தலைமேல் போட்டுவிட்டு, தானும் பக்கத்துக் குத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு அதை விட்டு இன்னொன்று, அதை விட்டு மற்றொன்று. மழை கொட்டியது. விரல்கள் அழுந்திய இடமெல்லாம் தண்டு தட்டையானது. விரலுக்கும் விரலுக்கும் இடையே ஒரு விளிம்பு எழுந்தது. உருண்டையாக இருந்தது மூன்று பட்டையானது. மூன்று பட்டை வந்த தண்டு, கணு இல்லாமலே, தானே நின்றது. மூன்று மூலை உள்ளது எளிதில் கோணாது என்பதைப் பின்னால் வந்த கட்டடக்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும்.

மறுநாள் காலையில் மழை விட்டபோது வானம் வெளுத்திருந்தது. சுவர் நின்றது.

கோரை கேட்டது: "தாயி, மண்ண விடட்டுங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் வண்டிச் சத்தம். அண்ணனும் பூவாத்தாளும் வந்திருந்தார்கள். சாமான் ஏற்றுவதற்கு வண்டியைக் காலியாகவே ஓட்டி வந்திருந்தார்கள். பூவாத்தாள் ஒரு கட்டுக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. இருவரும் வீட்டைச் சுற்றிப் பின்னால் வந்தார்கள். முட்டிவரை சேறாக, விரல்கள் நீலம் பாய்ந்து, காராயி சுவரடியில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அதிகம் பேசாத மனிதர். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். காலால் சுவரடி மண்ணைக் கிளறிப் பார்த்தார், கிளற முடியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு, "நிக்குது" என்றார். ஊர் வழக்கப்படி அவ்வளவு போதும்.

பூவாத்தாள் சுவரைப் பார்த்தாள். பச்சைக் கரையைப் பார்த்தாள். அந்த அறையில் இனி வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொள்வதாகவும், நல்ல காற்றோட்டமான அறை என்றும் சொன்னாள். போகும்போது, அடுப்பு நனைந்திருக்கும், மத்தியானத்துக்குச் சோறு அனுப்புகிறேன் என்றாள். காராயி வேண்டாம் என்றாள். பிறகு யோசித்து, குழம்பு மட்டும் அனுப்புங்கள் அக்கா என்றாள். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வண்டி காலியாகவே திரும்பிப் போன பிறகு, கோரை மறுபடியும் கேட்டது. விடட்டுமா?

காராயி எழுந்து நின்று, நின்ற சுவரையும், சுவருக்கு அந்தப் பக்கம் தன் அடுப்பு இருக்கும் இடத்தையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள்.

"நான் சொல்றப்ப விட்டாப் போதும்" என்றாள்.

அன்று மாலையே அவள் பின்வாசற்படியில் உட்கார்ந்து, எல்லாச் செடிகளும் கேட்கும்படி, சுவரடியைக் கோரைக்கு எழுதிக் கொடுக்காத குறையாகக் கொடுத்துவிட்டாள். பேச்சு ஏதும் கேட்கவில்லை. கோரைதான், இடம் கிடைத்த தைரியத்தில், இரண்டொரு நிபந்தனை சொன்னது. குளிக்கிற தண்ணீர் வந்தால் போதும், தேங்கி நிற்கக் கூடாது. புங்கமரத்தை வெட்டக் கூடாது. அந்த அரை நிழல்தான் தனக்குச் சோறு. பொங்கல் கழிந்ததும் ஒரு தடவை கையளவு விட்டு மேலே அறுத்துவிட்டால் புதுத் தாள் வரும். மற்றபடி களைக்கொத்தியை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். காராயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாழை மட்டும், அந்த இடத்தைத் தானே பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்ததாகத் தெற்கு வேலியோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தது.

புல் குலம் அடுத்த நாளே கூடிக் கோரையைத் தள்ளிவைத்தது. கணு இல்லாதவன் உறவு இல்லை என்று மூங்கில் தீர்ப்புச் சொன்னது. கோரைக்கு அதில் வருத்தம் இல்லை. ஆகவே இன்றும் விவரம் தெரிந்தவர்கள் கோரையைப் புல் என்று சொல்வதில்லை; விவரம் தெரியாதவர்கள் சொன்னால் அது கோபித்துக்கொள்வதும் இல்லை. காராயி மஞ்சள் தேய்த்துக் குளித்த தண்ணீரையும் சீயக்காய் போட்டு முழுகிய தண்ணீரையும் வருஷக்கணக்காகக் குடித்ததில் மண்ணுக்குள் இருந்த அதன் முடிச்சுக் கிழங்குக்கு ஒரு வாசனை வந்துவிட்டது. இப்போது குளியல் பொடிக்கென்று அதைத் தேடி வாங்குகிறார்கள். கொடுத்த வாசனையைத் திருப்பி வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம்.

காராயி அந்த வீட்டில் வெகுகாலம் இருந்தாள். பசித்தபோது அடுப்பு மூட்டினாள். தோன்றிய நாளில் முழுகினாள். அவள் ரசத்தில் உப்பு கடைசிவரை ஒரு கல் கூடத்தான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சுவருக்குள்ளேயே பிள்ளை பெற்றாள், அந்தச் சுவருக்குள்ளேயே கண்ணை மூடினாள். அதற்குள் எத்தனையோ ஐப்பசி வந்து போயிற்று. ஒவ்வொரு மழை விட்டதும் கோரை கேட்டது, விடட்டுமா என்று. ஒரு தடவைகூட அவள் ஆகட்டும் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்பார்கள் சிலர். கூட்டித் தெளித்த அறை ஒன்று தனக்காகக் காத்திருந்ததை அவ்வளவு சுலபமாக மறக்கிற பெண் அல்ல அவள்.

சொல்ல வேண்டியவள் போய்ச் சேர்ந்தாள். கோரையோ கொடுத்த வாக்கில் நின்றது. எந்த மண்ணை என்று அவள் வரையறுத்துச் சொல்லாததால், கண்ட மண்ணையெல்லாம் பிடித்துக்கொண்டது. வயலுக்குப் போயிற்று, வரப்புக்குப் போயிற்று, ஊரில் உள்ள எல்லாத் தோட்டத்துக்கும் போயிற்று. உழவர்கள் அதை விடச் சொல்லி மண்வெட்டியால் கேட்டார்கள், ஏர் பூட்டிக் கேட்டார்கள், திட்டிக் கேட்டார்கள். அது எல்லோர் குரலையும் காது கொடுத்துக் கேட்கிறது. எதுவும் காராயியின் குரலாக இல்லை.

அன்றைக்குப் பிடித்த பிடியினால்தான், கோரைத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் இன்றும் உருளாமல் மூன்று பட்டையும் தட்டுகிறது; இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்துவிட, முடிச்சு மண்ணைப் பிடித்தபடியே கீழே இருந்துவிடுகிறது.